தாமதம் என்னும் மறுப்பு

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது, வெளிநாட்டுப் படிப்புக்கான விசா முடிவை எதிர்நோக்கி மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் மிகவும் மதிக்கும் வாசகரான ஒரு நண்பர், "இது காஃப்கா ஐயா. வாயிற்காவலன் முன்னால் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவன் கதைதான். அபூர்வமான அனுபவம். அந்தப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் வழியில்தான் அந்தத் தலையசைப்பை எண்ணி எனக்குக் கூச்சம் வந்தது. இக்கட்டுரை அந்தக் கூச்சத்திலிருந்து எழுதப்படுகிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஒரு வியாதி உண்டு. அதிகாரத்தின் எந்த அபத்தத்தைக் கண்டாலும் 'காஃப்காத்தனம்' என்று பெயரிட்டுவிட்டு நிம்மதி அடைகிறோம். பெயர் வைத்ததும் அது மானுட நிலையாகிவிடுகிறது. மானுட நிலையிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது, வியக்கத்தான் முடியும். ஆனால் காஃப்கா அப்படி வாழ்ந்தவர் அல்லர். 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய சட்டம் படித்த அலுவலர் அவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் எந்த வகை உருளையைப் பொருத்தினால் தொழிலாளியின் விரல் தப்பும் என்று படங்களுடன் விளக்கி அறிக்கை எழுதியவர். விரல் போவதை அவர் விதி என்று கருதவில்லை, உருளையின் பிழை என்றே கருதினார். அந்த அலுவலக காஃப்காதான் இன்று நமக்கு வேண்டும். இந்தக் காத்திருப்பை உண்டாக்கும் உருளை எது, அதைப் பொருத்தியவர் யார், மாற்ற முடியுமா என்பனவே என் கேள்விகள்.

*

முதலில் ஒரு வீட்டுச் செய்தி. எந்த நாட்டின் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நாட்டைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கமன்று.

என் அக்காள் மகள் கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள். கண்மாய்களையும் அவற்றின் வரத்துக்கால்களையும் அலைந்து பார்த்து, நீர்வள மேலாண்மையில் முதுகலை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்தாள். 2024 செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் ஒப்புதல் ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்கான முன்பணத்தை வங்கி விடுவித்தது. அன்றிலிருந்து வட்டி ஓடத் தொடங்கியது. மே மாதம் விண்ணப்பித்தாள். கைரேகை, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் ஜூனுக்குள் முடிந்தன. வேலையை விட்டாள்.

அதன்பின் எதுவும் வரவில்லை. இணையதளத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி. மின்னஞ்சல் அனுப்பினால் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தன்மை கொண்டது என்று ஒரே மாதிரியான பதில். செப்டம்பர் கடந்தது. பல்கலைக்கழகம் ஜனவரிக்கு இடத்தை மாற்றித் தந்தது. ஜனவரியும் கடந்தது. இடம் போயிற்று. 2025 மார்ச்சில் ஒரு நாள் காலை விசா வந்தது.

ஆம், வந்தது. படிப்பு இல்லை, விசா இருந்தது. நான் அந்தக் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அழகாக அச்சிட்ட தாள்.

காத்திருந்த மாதங்களில் ஒருமுறை அவள் என்னிடம் சொன்னாள்: "இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா ஒரு நாள் அழுதுட்டு வேற வேலையப் பாப்பேன் மாமா. ஒண்ணுமே சொல்லாம வச்சிருக்காங்களே, அதுக்கு எப்படி அழுறதுன்னு தெரியல." தெருவில் யாரைப் பார்த்தாலும் "எப்போ கெளம்புற?" என்று கேட்பார்கள் என்பதற்காக, அவள் பகலில் வெளியே செல்வதையே நிறுத்தியிருந்தாள்.

இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்த நாட்டின் புள்ளிவிவரத்தில் என் மருமகள் விசா மறுக்கப்பட்டவள் அல்லள். அவளுக்கு விசா அளிக்கப்பட்டது. 'ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள்' என்ற கட்டத்தில் அவள் ஓர் எண். அவள் இழந்த ஆண்டும், கட்டிய வட்டியும், விட்ட வேலையும் எந்தக் கட்டத்திலும் இல்லை. மறுப்பு என்றால் ஒரு கடிதம் தர வேண்டும், அதில் ஒரு சட்டப்பிரிவைக் குறிப்பிட வேண்டும், அது எண்ணிக்கையில் ஏறும், எங்காவது ஒரு நீதிபதி கேள்வி கேட்கக்கூடும். தாமதத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. தாமதம் என்பது கையொப்பமிடப்படாத மறுப்பு. என் கட்டுரையின் சாரம் இவ்வளவே. மற்றவை இதன் விளக்கங்கள்.

*

நம் மரபில் காத்திருத்தலுக்கென்றே ஒரு திணை உண்டு. இருத்தல் முல்லையின் உரிப்பொருள். அதனால்தானோ என்னவோ காத்திருப்பு என்றதும் நமக்கு உடனே கவிதை நினைவுக்கு வருகிறது. ஆனால் முல்லைத் தலைவி எதற்காகக் காத்திருக்கிறாள்? கார்காலம் தொடங்கும்போது திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவனுக்காக. அவளிடம் ஒரு சொல் தரப்பட்டிருக்கிறது, ஒரு கெடு குறிக்கப்பட்டிருக்கிறது. கொன்றை பூத்துவிட்டதே, இன்னும் வரவில்லையே என்று அவள் கேட்கலாம். இது காரே அன்று, கொன்றைதான் ஏமாந்து பூத்தது என்று தோழி சமாதானமும் சொல்லலாம். இந்த வழக்காடலுக்கு இடம் தருவது அந்தக் கெடுதான். கெடு இல்லாத காத்திருப்பு முல்லை ஆகாது, நெய்தலின் இரங்கலாகவே முடியும். விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் கவிதையைக் காண்பவர்கள் இந்த வேறுபாட்டையாவது காண வேண்டும்.

*

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலிமையானதும் இது: விசா ஒரு சலுகை, உரிமையன்று. யாரை வீட்டுக்குள் விடுவது என்பதை வீட்டுக்காரன் முடிவு செய்வான்.

ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ நுழையும் உரிமை இல்லை. ஆனால் உவமை சரியன்று. இந்த வீட்டுக்காரர் கதவருகே கட்டண மேசை போட்டிருக்கிறார். ஆஸ்திரேலிய மாணவர் விசாவின் கட்டணம் 2024 ஜூலை 1 அன்று 710 டாலரிலிருந்து 1,600 ஆயிற்று. ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 1 அன்று, 2,000 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பாது. பணம் வாங்கிக்கொண்டவர் 'உள்ளே வா' என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் உண்டு அல்லது இல்லை என்று ஒரு காலத்துக்குள் சொல்லக் கடமைப்பட்டவர். நுழையும் உரிமை வேறு, பதில் பெறும் உரிமை வேறு. முதலாவது இல்லை என்பதைக் காட்டி இரண்டாவதையும் மறுப்பதுதான் இந்த வாதத்தின் தந்திரம்.

இரண்டாவது எதிர்வாதம்: இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் குவியும்போது தாமதம் தவிர்க்க முடியாதது. பாதுகாப்புச் சோதனைகள் வேறு இருக்கின்றன.

கூட்டம் உண்மைதான். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். 2009க்குப் பிறகு முதன்முறையாக சீனாவை முந்திய எண்ணிக்கை அது. ஆனால் பிரிட்டனைப் பாருங்கள். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு மூன்று வாரத்தில் முடிவு என்பது அங்கே அறிவிக்கப்பட்ட இலக்கு. கூடுதலாக 500 பவுண்டு கட்டினால் ஐந்து வேலை நாட்களில் முடிவைப் பெற முயலலாம். வேகம் விற்பனைக்கு இருக்கிறது என்றால் தாமதம் இயற்கைச் சீற்றம் அல்ல என்று பொருள். எத்தனை அலுவலர், எவ்வளவு பணம், யாருக்கு முதலிடம் என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது.

சில வேளைகளில் அந்த முடிவை எடுப்பவர் வெளிப்படையாகவே அறிவித்துவிடுகிறார். 2025 மே 27 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை உலகெங்கும் தன் தூதரகங்களில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் நேரங்களை ஒதுக்குவதை நிறுத்தச் சொன்னது. மாணவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் புதிய முறையை வகுக்க வேண்டுமாம். ஜூன் 18 அன்று தடை நீங்கியது. விண்ணப்பதாரர்கள் தம் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற கட்டளையோடு. மூன்று வாரம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்குகின்றன. இங்கிருந்து செல்வோர் நேர்காணலுக்கு நாள் தேடுவது மே, ஜூன் மாதங்களில்தான். நாற்று நடும் மாதத்தில் மூன்று வாரம் மதகை அடைத்துவிட்டு, ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம் இருக்கிறதே என்று சொல்வதைப் போன்றது அது.

அமெரிக்கச் சட்டத்தின் அமைப்பையும் சற்றே பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு. அதன்படி விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணம் உடையவர் என்றே கொள்ளப்படுவார். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு அவருடையது. இருபத்திரண்டு வயதுப் பெண் தன் எதிர்கால எண்ணத்தைச் சில நிமிடங்களில் ஓர் அந்நியருக்கு நிரூபிக்க வேண்டும். அதே சட்டத்தின் 221(ஜி) பிரிவின் கீழ் 'நிர்வாகப் பரிசீலனை' நடக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது ஒரு மறுப்பு. நடைமுறையில் அது காத்திருப்பு. எவ்வளவு காலம் என்பதற்கு வரம்பு இல்லை. நீதிமன்றம் செல்லலாமா என்றால், தூதரக அதிகாரியின் விசா முடிவுக்குள் நுழைவதில்லை என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் நெடுநாளைய கோட்பாடு. கணவருக்கு விசா மறுக்கப்பட்ட அமெரிக்கக் குடிமகள் ஒருவருக்கே 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. கோவில்பட்டிப் பெண்ணுக்கா திறக்கும்?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை, மாணவரின் முழுமையான விண்ணப்பத்தின் மீது அதிகபட்சம் 90 நாட்களில் முடிவு தெரிவிக்க வேண்டும், மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும், சட்டப்படி எதிர்க்க வழி இருக்க வேண்டும் என்கிறது. கனடாவில், நாட்டுக்கு வெளியே இருக்கும் மாணவர்கூட மறுப்பு கிடைத்த 60 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம். அதிகாரி தன் முடிவுக்குப் புரியும்படி நியாயம் சொல்ல வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் வாவிலோவ் வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே காலவரம்பும் காரணமும் கேட்பது ஆகாயக்கோட்டை அல்ல.

ஆனால் ஏட்டில் இருப்பது எப்படிக் கரைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் 90 நாள், விண்ணப்பம் பெறப்பட்ட பின்னரே எண்ணப்படும். அதைக் கொடுப்பதற்கான நாளுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் கணக்கில் வாரா. வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை. ஜெர்மானியத் தூதரகங்களில், மறுக்கப்பட்டவர் கட்டணமின்றி ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கோரும் வழி பல்லாண்டுகள் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது உலகெங்கும் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குச் செலவிட்ட ஆட்களைக் கொண்டு புதிய விண்ணப்பங்களை விரைவாகப் பார்க்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். இனி மறுபடி விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கனடாவில் 2018 முதல் இருந்த விரைவு வழி 2024 நவம்பர் 8 அன்று மூடப்பட்டது. அதை நம்பி ஆங்கிலத் தேர்வும் வைப்புத்தொகையும் முடித்துவைத்திருந்தவர்கள் பொது வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

*

மூன்றாவது எதிர்வாதம் நம் வட்டாரங்களில் எழுவது. எனக்கு மிகுந்த கசப்பைத் தருவதும் அதுவே. 'இவர்கள் ஏன் போக வேண்டும்? வசதி படைத்தவர்களின் கவலை இது. இங்கே கல்லூரிகள் இல்லையா?'

இதைச் சொல்பவர்களில் பலருடைய பிள்ளைகள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடுவோம். வசதி படைத்தவரைத் தாமதம் அதிகம் தொடுவதில்லை என்பதே உண்மை. அவர் 500 பவுண்டு கட்டி விரைவு வரிசைக்குப் போவார், ஒரே சமயத்தில் மூன்று நாடுகளுக்கு விண்ணப்பிப்பார், ஓராண்டு வீட்டில் இருந்தாலும் அவரது அடுப்பு எரியும். பத்திரத்தை அடகு வைத்தவரைத்தான் தாமதம் முறிக்கிறது. காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே நீளம், ஒரே விலை அல்ல.

ஏன் போக வேண்டும் என்பதற்கு நமக்கு மிகவும் தெரிந்த ஒரு பதில் இருக்கிறது. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹார்டியின் பதில் பிப்ரவரி 8 தேதியிட்டது. கப்பலில் கடிதம் சென்ற காலத்தையும் சேர்த்து 23 நாட்கள். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். இடையே ஓராண்டு தடைப்பட்டதற்குக் கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரமும் தாயின் தயக்கமும் காரணம்; எந்த அரசும் அல்ல. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்ததே 1920இல்தான். இன்றைய படிவத்தை அவர் நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, பட்டம் இல்லை, குமாஸ்தா வேலை, கல்வித் தொடர்ச்சி இல்லை. ஹார்டி ஒருவர் ஒரு கடிதத்தைப் படித்தார், அலுவலகம் ஆயிரங்களைப் படிக்கிறது என்பீர்கள். சரி. எல்லா மாணவரும் ராமானுஜன் அல்லர் என்பீர்கள். அதுவும் சரி. ஆனால் யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே கதவடியில் ஓர் ஆண்டை உண்டுவிடும் ஏற்பாட்டில், அவர் யாராக இருந்திருப்பார் என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை.

*

இவ்வளவையும் மேற்கின் மீது எறிந்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. 2020 தொடக்கத்தில் விடுமுறைக்கு ஊர் வந்த நம் மருத்துவ மாணவர்களுக்கு சீனா மீண்டும் மாணவர் விசா வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். உடலை அறுத்துப் படிக்க வேண்டியவர்கள் இரண்டரை ஆண்டுகள் திரையைப் பார்த்துப் படித்தார்கள். அப்போது நாம் கொதித்தோம். சரியாகவே கொதித்தோம்.

ஆனால் 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பத்தே நாட்களில், ஆகஸ்ட் 25 அன்று, நம் உள்துறை அமைச்சகம் இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் அனைத்தும் செல்லாது என்று அறிவித்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்திருந்த, நம் அரசின் உதவித்தொகையே பெற்ற மாணவர்கள் பலர் அப்போது ஊரில் இருந்தார்கள். அவர்கள் மின்னணு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண்கள் கல்லூரிக்குப் போவதையே அங்கே 2022 டிசம்பரில் தாலிபான் அரசு தடை செய்தது. அந்தப் பெண்களுக்கு நம் தாமதம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைக் குறித்து தமிழில் எத்தனை பேர் எழுதினோம்? நான் எழுதவில்லை.

இத்தனைக்கும் தாமதத்துக்கு விலை வைக்க நமக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாளில் பதில் தரச் சொல்கிறது. தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை, அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும், ஒரு குடிமகனின் நாளுக்கு ஒரு விலை உண்டு என்று எழுதிவைத்த சட்டம் அது. அந்த எண்ணத்தை எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் நீட்டுவதில் என்ன தடை?

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. படிப்புத் தொடங்கும் நாள் விண்ணப்பத்திலேயே இருக்கிறது; உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்கு அந்நாளுக்கு ஒரு மாதம் முன்பாக முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். தெரிவிக்க இயலாவிட்டால் கட்டணம் திரும்பத் தரப்பட வேண்டும். படிப்புத் தொடங்கிய பின் வரும் எந்த விசாவும் புள்ளிவிவரத்தில் மறுப்பாகவே எண்ணப்பட வேண்டும். முன்பணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள், விசா தாமதத்தால் வர இயலாதவரின் இடத்தையும் உதவித்தொகையையும் ஓராண்டு காக்க வேண்டும், அல்லது பணத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். நம் அரசு வணிக ஒப்பந்தம் பேசும் மேசையில் இதையும் வைக்க வேண்டும். வைக்கும் முன் தன் தூதரகங்களில் இதைச் செய்துகாட்ட வேண்டும்.

இவற்றில் எதுவும் ஒரே ஒருவரைக்கூடக் கூடுதலாக உள்ளே விடும்படி எந்த நாட்டையும் கேட்கவில்லை. 'இல்லை' என்று சொல்லும் உரிமையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறேன்.

நம் பங்கு ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் அருகே சில்குரில் 'விசா பாலாஜி' இருக்கிறார். வேண்டுதலுக்குப் பதினொரு சுற்று, நிறைவேறினால் நூற்றெட்டுச் சுற்று. அங்கே சுற்றுபவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் மனிதர்கள் தெய்வத்திடம்தான் முறையிடுவார்கள். ஆனால் தெய்வத்திடம் சொல்வதை நாம் தெருவில் சொல்வதில்லை. காத்திருப்பை ஓர் அவமானம் போல ஒளித்துவைக்கிறோம். ஏதோ கோளாறு இருந்ததால்தான் நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று பிள்ளையையே சந்தேகிக்கிறோம். தாமதம் செய்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

என் மருமகள் இப்போது தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறாள். கடனில் பாதி அடைந்திருக்கிறது. மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று அண்மையில் கேட்டாள். விண்ணப்பி என்றேன். இம்முறை தேதிகள் அனைத்தையும், எந்த நாளில் எதைக் கொடுத்தாய், எந்த நாளில் என்ன கேட்டாய், எந்த நாளில் பதில் வரவில்லை என்று, ஒரு நோட்டில் எழுதிவை என்றேன். "கதை எழுதவா மாமா?" என்றாள்.

"இல்லை, கணக்குக் கேட்க" என்றேன்.